நிலவேம்பும் வயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நிலவேம்பு என்றதும் காய்ச்சல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். செமியாமை, பசியின்மை, வயிறு ஊதல் ஆகியவற்றுக்கும் பரியாரிமார் இதைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் அந்த வயிற்றுப் பயன்பாட்டைப் பற்றியது. கொஞ்சமாக, சாப்பாட்டுக்கு முன், சில நாள்கள் மட்டும் எடுத்தால் இது நல்ல மருந்து. அளவும் நாளும் கூடினால் இதே சரக்குதான் வயிற்றைக் கெடுக்கும்.

எந்தச் செடி? எப்படி அடையாளம் காண்பது?

அண்ட்ரோகிராபிஸ் பனிகுலேட்டா என்று தாவரவியலார் சொல்லும் செடி. ஆடாதோடை, நீர்முள்ளி ஆகியவற்றின் குடும்பம். 30 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை வளரும் ஓராண்டுச் செடி. முதலில் தண்டைப் பாருங்கள். இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் நான்கு விளிம்பும் தனித்தனியாகக் கையில் படும். இலைகள் எதிரெதிராக, ஒடுங்கி, இரு முனையும் கூராக இருக்கும். பூ சிறியது, வெள்ளை; இதழ் உதட்டில் ஊதாப் புள்ளிகள். காய் ஏறத்தாழ 2 செ.மீ. நீளம், தட்டை, நிமிர்ந்து நிற்கும். கசக்கினால் பெரிய வாசனை எதுவும் வராது. இலையில் நகக்கண் அளவு கிள்ளி மென்றால் சில நொடிகளில் கைப்பு ஏறி, வாய் கொப்பளித்த பிறகும் தொண்டையில் நிற்கும். அப்படி நிற்கவில்லை என்றால் அது வேறு செடி, அல்லது பழைய சரக்கு. செடி சரிதானா என்பதில் சந்தேகம் இருந்தால் மெல்லவும் வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கடையில் "பிங் கொஹொம்ப" எண்டு கேட்டால் விலை பல மடங்கு சொல்லுறாங்கள். ஏன்?

அது வேறு செடி. முன்ரோனியா பின்னாட்டா என்பது அதன் பெயர், வேம்பின் குடும்பம். ஒற்றைத் தண்டாக நிற்கும் குட்டிச் செடி. ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும். காட்டில் மெதுவாக வளர்வது, பிடுங்கிப் பிடுங்கி அருகிப்போனது, அதனால்தான் அந்த விலை. தமிழில் இரண்டையும் நிலவேம்பு என்று சொல்வதால் குழப்பம் வருகிறது. நாங்கள் இங்கே பேசுவது "ஹீன் பிங் கொஹொம்ப" எனப்படும் மலிவான செடியை. விலை கூடிய பெயரைச் சொல்லி மலிவான சரக்கைக் கட்டிக்கொடுப்பதும் நடக்கிறது. வயிற்றுக்கு மலிவானதே போதும். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து வரும் கிரியாத்துக் குச்சி மூன்றாவது சரக்கு. அது இமயமலைச் செடி. காய்ந்த தண்டு பழுப்பாகவும் உள்ளே மஞ்சள் நிறத் தக்கையாகவும் இருக்கும். நல்ல நிலவேம்பு காய்ந்த பின்னும் பச்சை நிறம் மாறாது.

எந்த வயிற்றுக் கோளாறுக்கு இது பொருந்தும்?

சித்த மருத்துவக் கணக்கில் இதன் சுவை கைப்பு, தன்மை வெப்பம், பிரிவு (செமித்தபின் மாறும் சுவை) கார்ப்பு. செய்கைகளில் முன்னே நிற்பது பசித்தீத்தூண்டி. அதை வைத்துப் பார்த்தால் விடை எளிது. தீ குறைந்த வயிற்றுக்கு இது ஏற்றது. ஏற்கெனவே எரியும் வயிற்றுக்கு ஏற்காது.

பொருந்துபவை: காய்ச்சல் விட்டபின் சோற்றைக் கண்டாலே வெறுப்பு, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது போன்ற உணர்வு, கலியாண வீட்டு விருந்துக்கு மறுநாள் வரும் மந்தம், நாக்கில் வெள்ளைப் படலத்தோடு வரும் பசியின்மை, காற்றுப் பிரியாமல் வயிறு பொருமுதல்.

பொருந்தாதவை: நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், வெறும் வயிற்றில் வரும் எரிச்சலான நோ, வயிற்றுப்புண், பித்தப்பைக் கல். இந்தக் கடைசியில் கூடுதல் கவனம் தேவை. கைப்பு பித்தநீர் வடிவதைத் தூண்டக்கூடியது. கல் இருப்பவருக்கு அதுவே வலியைக் கிளப்பலாம்.

கைப்பு எப்படிப் பசியைக் கொண்டுவருகிறது?

நாக்கில் கைப்புப் பட்டதும் உமிழ்நீர் ஊறுகிறது. நரம்பு வழியாக இரைப்பைக்கும் செய்தி போய், சாப்பாடு வருமுன்னே அங்கும் நீர் சுரக்கத் தொடங்குகிறது. அதனால்தான் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் முன்னால் குடிக்கச் சொல்வது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குபவர்கள் மருந்தின் பாதியை வீணாக்குகிறார்கள். சிறு மிடறாக, நாக்கில் பட்டு இறங்க வேண்டும்.

இலையில் உள்ள முக்கியக் கைப்புப் பொருள் அண்ட்ரோகிராபோலைட். இதைக் கொண்டு மனிதரில் நடந்த ஆய்வுகளில் கூடுதலானவை தடிமன், தொண்டை நோ தொடர்பானவை. பெருங்குடல் அழற்சிக்கும் சோதித்திருக்கிறார்கள். அது அளவு நிர்ணயித்துத் தயாரித்த சாறு. வீட்டில் காய்ச்சும் குடிநீர் (கஷாயம்) அதே பலனைத் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊறலா, குடிநீரா? எப்படிச் செய்வது?

புதிதாகத் தொடங்குபவருக்கு ஊறல். கைப்புக் குறைவு, வயிற்றுக்கும் மென்மை.

ஊறல்: இடித்த காய்ந்த நிலவேம்பு ஒன்றரை கிராம், தட்டிய மல்லி அரைத் தேக்கரண்டி, காய்ந்த தோடம்பழத் தோல் பெருவிரல் நகமளவு (உள் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிடவும்). கொதித்த தண்ணீர் 100 மி.லி. ஊற்றி, மூடி, 20 நிமிடம் விட்டு வடிக்கவும். பகல் சாப்பாட்டுக்கு முன் ஒரு வேளை.

குடிநீர்: நிலவேம்பு 3 கிராம், தண்ணீர் 240 மி.லி.; 60 மி.லி. ஆக வற்ற வேண்டும், நாலில் ஒன்று. மண்சட்டி அல்லது சில்வர் பாத்திரம் எடுங்கள். முதலில் 60 மி.லி. தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு ஈர்க்கை நிமிர்த்தி வைத்து, நீர் நிற்கும் இடத்தில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு மீதி 180 மி.லி. ஊற்றிச் சரக்கைப் போடுங்கள். தீ மெல்லியதாக, மூடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வரும் அளவில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்குப் பிறகு இடைக்கிடை ஈர்க்கை வைத்துப் பார்த்து, கீறலுக்கு இறங்கியதும் துணியில் வடித்துப் பிழியவும். சரக்குக் கொஞ்ச நீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால் பிழியாமல் விட்டால் 60 மி.லி. கிடைக்காது. வளர்ந்தவருக்கு இது ஒரு நாள் அளவு. மெலிந்தவர், வயதானவர் பாதியோடு நிறுத்தலாம்.

வயிறு ஊதலுக்கு: நிலவேம்பு 2 கிராம், தட்டிய வேர்க்கொம்பு (சுக்கு) 1 கிராம், ஓமம் அரைத் தேக்கரண்டி, மல்லி ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 300 மி.லி. இதை 75 மி.லி. ஆக வற்ற வைக்கவும். ஓமத்தை மட்டும் இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் போட்டு மூடுங்கள். தொடக்கத்திலேயே போட்டால் அதன் எண்ணெய் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், குடிநீரில் ஒன்றும் இருக்காது.

தராசு இல்லை. 3 கிராம் எப்படி எடுப்பது?

50 கிராம் பக்கற் ஒன்று வாங்குங்கள். முழுவதையும் கடதாசியில் பரப்பி இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக. இப்படி நான்கு தடவை. பதினாறு குவியல் வரும், ஒவ்வொன்றும் 3 கிராமுக்குச் சற்றுக் கூட. தனித்தனியாக மடித்து வையுங்கள். தேக்கரண்டியை நம்ப வேண்டாம்: நைசான தூள் ஒரு கரண்டி, கரடாக இடித்த சரக்கு ஒரு கரண்டியைப் போல இரண்டு மடங்கு நிறை வரலாம்.

"ஒரு கைப்பிடி" என்று சொல்லும் குறிப்புகளை விட்டுவிடுங்கள். யாருடைய கை என்பது அதில் இல்லை.

வெறும் வயித்தில குடிச்சால் எரியுது, ஓங்காளம் வருது. என்ன பிழை?

பெரும்பாலும் அளவு. அடுத்த நாள் பாதியாகக் குறைத்து, காலையில் அல்லாமல் பகல் சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன் குடித்துப் பாருங்கள். இரவு நீண்ட நேரம் வெறுமையாக இருந்த வயிற்றில், அதுவும் தேத்தண்ணிக்கு முன், முதல் பொருளாக இது போனால் பலருக்கு ஒத்துவராது. குறைத்த பின்னும் எரிந்தால் நிறுத்துங்கள். அந்த எரிச்சல் மருந்து வேலை செய்வதன் அடையாளம் அல்ல. உங்களுக்குத் தேவை வேறு மருந்து என்பதன் அடையாளம்.

சீனி, தேன், பனங்கட்டி சேர்க்கலாமா?

குடித்து முடித்து ஐந்து நிமிடம் கழித்துச் சின்னத் துண்டு பனங்கட்டி வாயில் போடலாம். குடிநீரிலேயே கரைத்தால் கைப்பை மறைக்கக் கரண்டி கரண்டியாகப் போக வேண்டிவரும். அது மந்தமான வயிற்றுக்கு இன்னொரு சுமை. நீரிழிவுக்காரருக்கு எதுவும் வேண்டாம். பாலோடு கலப்பது எந்த வகையிலும் சரிவராது.

எத்தனை நாள்?

மூன்று நாளில் பசி திரும்பத் தொடங்க வேண்டும். ஐந்து நாள் போதும். ஏழு நாளைத் தாண்ட வேண்டாம். "உடம்புக்கு நல்லதுதானே" என்று மாதக் கணக்கில் காலைக் கோப்பி போலக் குடிப்பவர்கள் பசி குறைந்து, வயிறு குழம்பி வருவதுண்டு. கூடிய அளவு நிலவேம்பு வாந்தியையும் பசியின்மையையும் தானே கொண்டுவரும். அப்போது நோய் கூடிவிட்டது என்று நினைத்து அளவை இன்னும் கூட்டுவதுதான் நாங்கள் காணும் பெரிய பிழை.

வேறு என்ன பிழைகள் நடக்கின்றன?

பிழிந்த சக்கையை மறுநாளும் காய்ச்சுவது: நிறம் வரும், அளவு தெரியாது. காலையில் காய்ச்சி இரவு குடிப்பது: எங்கள் சூட்டில் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு வைத்திருக்க வேண்டாம். சூடான குடிநீரைப் பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றுவது. பிறஷர் குக்கரில் வைப்பது. வற்றுவது கண்ணுக்குத் தெரியாது. இரும்புச் சட்டியில் காய்ச்சுவது; குடிநீர் கறுத்து இரும்பு வாடை வரும். தூளைத் தண்ணீரில்லாமல் வாயில் கொட்டுவது, புரையேறும்.

யார் குடிக்கக்கூடாது?

கர்ப்பிணிகளும் பிள்ளைக்கு முயல்பவர்களும் கண்டிப்பாக வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமைக் குளிசை, பிறஷர் குளிசை, நீரிழிவுக் குளிசை அல்லது இன்சுலின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து ஆகியவற்றில் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. நிலவேம்பு இவற்றின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு கிழமை முன்பே நிறுத்துங்கள்.

ஒவ்வாமையும் உண்டு. தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு முட்டல் வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பிறகு ஒருபோதும் இதைத் தொட வேண்டாம். சிலருக்கு நாக்கின் சுவை சில காலம் மங்கும்; அதைக் கண்டதும் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளுக்கு? பூச்சிக்கு நல்லது என்கிறார்களே?

வங்காளத்தில் நிலவேம்பு இலைச்சாற்றோடு ஏலம், கராம்பு, கறுவா சேர்த்துக் கைக்குழந்தைகளுக்கே வயிற்று மருந்தாகக் கொடுத்த வழக்கம் உண்டு. எங்கள் பரியாரிமாரும் பூச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் 12 வயதுக்குக் கீழே வீட்டில் அளந்து கொடுக்க நாங்கள் சொல்லமாட்டோம். பூச்சிக்கு மெபண்டசோல் குளிசை நிச்சயமான வழி, மலிவும் கூட. பசிக்காத பிள்ளைக்கு வேப்பம்பூ ரசமே போதும். அது கீழே வருகிறது.

பத்தியம் வேணுமா?

கடும் பத்தியம் இல்லை. குடிக்கும் நாள்களில் எண்ணெயில் பொரித்தது, மாட்டிறைச்சி, நண்டு, இறால், சூரை, கருவாடு ஆகியவற்றை விடுங்கள். திருகோணமலையில் மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்களுக்கு ஓரா, விளைமீன் போன்ற வெள்ளைத் தசை மீனைப் புளி குறைத்து, மிளகு, நற்சீரகம், உள்ளி போட்டுச் சொதியாக வைக்கலாம். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன். சொல்லப்போனால் மந்தம் தீர்வதில் பாதிப் பங்கு இந்தச் சாப்பாட்டுக்குத்தான்.

வயித்தோட்டத்துக்கும் குடிக்கலாமா?

முதலில் தேவைப்படுவது நீர். ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூள்) பக்கற்றைக் குறித்த அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பு வேகமாக வறண்டுவிடும். நிலவேம்புக்கு மலத்தை இளக்கும் குணமும் உண்டு என்பதால் ஓட்டம் நிற்கும்வரை அது வேண்டாம். நின்றபின் பசி வராவிட்டால் மூன்று நாள் ஊறல் குடிக்கலாம்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் நிறை குறைதல், விழுங்கக் கஷ்டம், கண் மஞ்சளாதல், இரண்டு கிழமையைத் தாண்டிய பசியின்மை: இவற்றுக்குச் சட்டியை அடுப்பில் வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செங்கமாரிக்கு நிலவேம்பு நல்லது என்ற பேச்சைக் கேட்டு ஒரு கிழமை வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து. மஞ்சள் எதனால் வந்தது என்று இரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

"நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்" எண்டு வாறதும் இதுவும் ஒண்டா?

இல்லை. அது நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குச் சேர்ந்த காய்ச்சல் மருந்து. வீட்டில் இருந்தால் அதையே வயிற்றுக்கும் எடுப்பவர்கள் உண்டு. ஒன்றுக்கு மற்றது பதிலாகாது. டெங்குக் காலத்தில் எந்தக் குடிநீர் குடித்தாலும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குளிசையாக, கப்சியூலாக எடுத்தால்?

நாக்கில் கைப்புப் படாது என்பது ஒன்று. மற்றது, அவற்றில் பல செறிவூட்டிய சாறு. 3 கிராம் இலையோடு கணக்குப் பார்க்க முடியாது. வயிற்றுக்கு இலையே போதும்.

இந்தக் கைப்பைத் தாங்க முடியவில்லை. வேறு வழி?

வேப்பம்பூ. பங்குனி, சித்திரையில் பூக்கும்போது மரத்தடியில் வெள்ளைச் சாரம் அல்லது பாய் விரித்து வைத்தால் விடியலில் உதிர்ந்து கிடக்கும். காம்பு, எறும்பு நீக்கி, கழுவாமல் நிழலில் காயவைத்துப் போத்தலில் அடையுங்கள். நாலு பேருக்கான ரசத்துக்குக் காய்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி. நெய்யில் மெல்லிய தீயில் பொன்னிறமாக வறுத்து, ரசத்தை இறக்கிய பின் மேலே போடுங்கள். ரசத்தோடு கொதிக்கவிட்டால் முழு ரசமும் கைத்துவிடும். கறுக வறுத்தாலும் அப்படியே. முதல் சோற்றை இந்த ரசத்தோடு சாப்பிடுவதுதான் முறை. உளுந்து, வெங்காயம், செத்தல் மிளகாயோடு சேர்த்த வேப்பம்பூ வடகமும் சுவையானதுதான், ஆனால் அது பொரித்த பண்டம். வயிறு சரியான பிறகு சாப்பிடுங்கள்.

நல்ல சரக்கு எங்கே, யாரிடம் கேட்பது?

நகரக் கடைத்தெருவின் நாட்டு மருந்துச் சரக்குக் கடைகளில் கிடைக்கும். தூளாக வாங்காதீர்கள், இலையும் தண்டும் தெரியும் சரக்கை வாங்கி வீட்டில் இடியுங்கள். முழுக்கத் தண்டாக இருந்தால் விடுங்கள், சத்து இலையில்தான் கூட. உங்கள் உடம்புக்குப் பொருந்துமா என்று அறிய, பதிவு பெற்ற சித்த வைத்தியரைப் பாருங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது, படித்தவர்களுக்கு இங்கே குறைவில்லை.

வீட்டில் வளர்க்கலாமா?

நன்றாக வளரும். புது விதை உறங்கு நிலையில் இருக்கும். எடுத்து ஐந்தாறு மாதம் கழித்து முளைப்பது கூட. மாரி தொடங்கும் ஐப்பசியில் மேலாகத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல் போடுங்கள். ஆழப் புதைத்தால் வராது. ஒரு மாதமளவில் ஓரடி இடைவெளியில் பிடுங்கி நடலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் கூட்டெரு சேர்க்காமல் நிற்காது; கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் பாத்தியை உயர்த்துங்கள். கிணறு உவர் என்றால் மழைநீரைச் சேமித்து ஊற்றலாம்.

நட்டு மூன்று, மூன்றரை மாதத்தில் மொட்டு வரும். அப்போதே வெட்ட வேண்டும். காய் முற்றினால் இலையின் கைப்புக் குறையும். விதைக்கு இரண்டு செடியை விட்டு, காய் மஞ்சளாகும்போதே பறித்துத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். செடியிலேயே காயவிட்டால் வெடித்து விதை சிதறிவிடும்.

எப்படிக் காயவைப்பது, எவ்வளவு காலம் வைக்கலாம்?

வேரோடு ஒட்டிய மண்ணைக் கழுவி, சிறு கட்டுகளாக்கி, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம். நாலைந்து நாளில் இலை கையில் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு அடைத்தால் இலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், மாரி காலத்தில் இது கட்டாயம் நடக்கும். போத்தலில் இறுக மூடி, தேதி எழுதி இருட்டில் வையுங்கள். முழுச் சரக்கு ஒரு வருடம், இடித்தது ஆறு மாதம். அதன்பின் ஒரு நுள்ளு மென்று பாருங்கள். கைப்பு மங்கியிருந்தால் கூட்டெருக் குழியில் கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள். அளவைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்க வேண்டாம்.